மைக்குக்கு மட்டும் கேட்டது

பஸ் கடைசித் திருப்பத்தில் வளைந்தபோது வெலென்ஸே ஏரி கண்ணில் பட்டது. முழுக்க உறைந்து போயிருந்தது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே அழுக்கு வெள்ளை. நாணல் அறுக்கிறவர்கள் நாலைந்து பேர் பனிக்கட்டியின் மேல் சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஏதோ பேசிச் சிரிப்பது தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை.

"நல்ல இடம்தான் பிடிச்சிருக்காங்க. செத்தவன் கூட இங்கே இருமக் கூச்சப்படுவான்" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த யெனோ கர்தோஷ். அவர் ஒலிப்பதிவாளர். சத்தமே இல்லாத ஊர் என்றால் அவருக்குக் கல்யாண விருந்து மாதிரி.

எதெல்கா வாமோஷ் சிரித்து வைத்தாள். அவளுக்கு ஊரும் ஏரியும் முக்கியமில்லை. புதாபெஸ்டில் அவள் நடித்துக்கொண்டிருந்த நாடக அரங்கை மூடி ஒரு வருடம் ஆகிறது. இது 1931 ஜனவரி. ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வந்திருந்தது. முகம் மட்டும் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், குரல் இருந்தவர்களைத் தேடினார்கள். எதெல்காவிடம் குரல் இருந்தது. இந்தப் படம் ஓடினால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் அத்தை வீட்டுத் தையல் மிஷின் காத்திருக்கிறது.

ஒரே படத்தை இரண்டு தடவை எடுப்பதாக ஏற்பாடு. காலையில் ஜெர்மன் நடிகர்கள் ஜெர்மனில் பேசி நடிப்பார்கள். அவர்கள் வெளியேறியதும் அதே அறை, அதே விளக்கு, அதே கேமராவின் முன்னால் ஹங்கேரிக்காரர்கள் வந்து அதே காட்சியைத் தங்கள் மொழியில் நடிப்பார்கள். கதாநாயகியின் உடை கூட ஒன்றுதான். பெர்லினிலிருந்து வந்திருந்த ஹெட்விக் ஆர்னிம் கழற்றிப் போட்டதும் எதெல்கா எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

"என்னம்மா நிழலே, வந்தாச்சா?" என்று முதல் நாளே ஹெட்விக் கேட்டாள்.

"வந்தாச்சு. வெளிச்சம் நல்லா இருந்தால்தானே நிழல் விழும்" என்றாள் எதெல்கா, பழகிய ஜெர்மனில்.

ஹெட்விக் ஒரு கணம் முறைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒரே வீட்டில் அடைத்த இரண்டு பூனைகளின் உறவுதான்.

படப்பிடிப்புக்கு எடுத்திருந்தது ஏரிக்கரையில் இருந்த பழைய ஜமீன் மாளிகை. சொந்தக்காரர்கள் வியன்னாவில் இருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எலிப்புழுக்கையும் நனைந்த மரமும் அணைந்த அடுப்புச் சாம்பலும் கலந்த வாடை. வெளிச் சத்தம் வரக்கூடாது என்று ஆட்கள் எல்லா ஜன்னல்களிலும் கம்பளிகளை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாக மூட மூட, பட்டப்பகலில் வீட்டுக்குள் இருட்டு ஏறியது. கிணற்றில் தண்ணீர் ஏறுவதுபோல.

ஒன்றை மட்டும் மூடவில்லை. கூடத்தின் கடைசியில் ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கதவு. கடைசிக் காட்சி அங்கேதான்.

ஹங்கேரியப் படத்தின் இயக்குநர் ஆர்பாத் சலாய். கதை வசனமும் அவர்தான். மெலிந்து உயர்ந்த மனிதர், நல்ல துணி உடுத்துவார், கையை எப்போதும் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஜெர்மன் படத்தின் இயக்குநர் ரைன்ஹோல்ட் பிராண்டிஸ். குண்டு மனிதர், கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும்.

சலாயைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊமைப்பட நாளில் செல்மா ரோனாய் என்ற நட்சத்திரத்தை அவர் மணப்பதாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் இருவரும் இதே வீட்டில் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். ஒரு காலையில் சண்டை. செல்மா கோபித்துக்கொண்டு ஏரியின் மேல் நடந்து போனாள், பனிக்கட்டி உடைந்தது. நாணல் அறுக்கிறவர்கள்தான் கொக்கி போட்டு இழுத்தார்கள். தற்கொலை என்றார் சலாய். தள்ளிவிட்டான் என்றது ஊர். போலீஸ் கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிட்டது.

எதெல்காவுக்கு இது தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனால் இந்த வீடு வேண்டாம் என்று சலாய் கம்பெனியிடம் மன்றாடியதாக யெனோ சொன்னபோது அவளுக்கு எங்கேயோ உறுத்தியது. அதைவிட உறுத்தியது ஒன்று. கூடத்தில் சலாய் எங்கே நின்றாலும் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

முதல் நாள் வேலை தொடங்கியது. "சைலன்ஸ்!" என்ற கத்தலுக்குப் பின் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யெனோ வெளியே ஒலிவண்டிக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதாவது தப்பாகக் கேட்டால் மணி அடிப்பார்.

ஹெட்விக் முதல் வசனம் பேசினாள். மணி அடித்தது.

"யாரோ கண்ணாடியைத் தட்டுறாங்க" என்று யெனோ உள்ளே வந்து சொன்னார்.

"யாரும் தட்டலையே" என்றார் பிராண்டிஸ்.

"எனக்குக் கேட்டுதுங்க. தட்... தட் தட். மெதுவா."

முதலில் பக்கத்துத் தோட்டத்து வாத்துகளைச் சந்தேகப்பட்டார்கள், விரட்டினார்கள். பிறகு சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினார்கள். அடுப்பில் விறகு வெடிக்கிறதோ என்று அடுப்பை அணைத்தார்கள். குளிரில் எல்லோருக்கும் பல் கிட்டியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி மணி.

அன்று சாயங்காலத்துக்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. ஹங்கேரிப் படத்தைக் கெடுக்க ஹெட்விக்தான் ஆள் வைத்துத் தட்டுகிறாள் என்றார்கள் ஹங்கேரிக்காரர்கள். பொறாமையில் எதெல்காதான் தட்டுகிறாள் என்றார்கள் ஜெர்மானியர்கள். யெனோவுக்குக் காதில் கோளாறு என்று சலாய் மட்டும் சொன்னார். அதையும் கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

கெட்டதிலும் கெட்டது, பெர்லினிலிருந்து வந்த போன். இப்படியே நாள் வீணானால் ஹங்கேரியப் படத்தையே கைவிடுவோம், ஜெர்மன் படம் மட்டும் போதும் என்றார்களாம்.

அதன்பின் எதெல்கா ஹெட்விக்கின் மேல் ஒரு கண் வைத்தாள். ஹெட்விக் நடிக்கும்போது இவள் கூடத்து மூலையில் நிற்பாள். இவள் நடிக்கும்போது பார்த்தால் அவளும் வந்து நிற்கிறாள்! இருவருமே அடுத்தவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவர் கையும் சும்மாதான் இருந்தது.

மணி அடித்தது.

ஒரு நாள் மதியம் உடை மாற்றும் அறையில் ஹெட்விக் கொக்கிகளைக் கழற்றியபடியே திடீரென்று கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாதே. காலையில நான் வர்றதுக்கு முன்னாடி இந்த உடையை நீ போட்டுப் பாக்கறியா?"

"நான் எதுக்குப் போடணும்? மதியம்தானே என் வேலை."

"அப்போ காலையில நான் எடுக்கும்போது உள்பக்கம் ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

எதெல்கா, ஹெட்விக் கழற்றிய உடையை வாங்கினாள். இப்போதுதான் ஒரு உடம்பிலிருந்து இறங்கிய பட்டு. சூடாக இருந்திருக்க வேண்டும்.

சில்லென்று இருந்தது. கீழ்க்கரையில் விரல் பட்டதும் ஈரம்.

"தண்ணி எதையாவது கொட்டினீங்களா?"

"நானா? இல்லையே." ஹெட்விக் குனிந்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது. "சேத்து நாத்தம். நாணல் வேர் நாத்தம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை இருந்த சந்தேகம் அந்தப் பார்வையில் அப்படியே இடம் மாறியது. இருவரையும் விட்டு நகர்ந்தது. எங்கே போய் உட்கார்வது என்று தெரியாமல் அறை முழுக்க அலைந்தது.

அன்று எதெல்காவுக்கு இருந்தது கடைசிக் காட்சிக்கான ஒத்திகை. வசனம் இதுதான். மனைவி கண்ணாடிக் கதவருகே நின்று திரும்பிச் சொல்கிறாள்: "என்னை யாரும் தள்ளவில்லை. நானாகத்தான் போகிறேன். யாரும் என் பின்னால் வர வேண்டாம்." சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்து நடந்து போகிறாள்.

எதெல்கா சொன்னாள். முதல் வரி முடிவதற்குள் மணி. மறுபடி சொன்னாள். மறுபடி மணி. அடுத்த தடவை யெனோ மணி அடிக்கவில்லை. ஒலிவண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மணி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

ஒலிவண்டிக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் புழுக்கம். யெனோ கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"என்னைப் பைத்தியம்னு நினைக்காதீங்க. நீங்க பேசும்போது இன்னொரு பொம்பளையும் பேசறா."

"ஹெட்விக்கா?"

"அந்தம்மாவுக்கு நம்ம பாஷையில 'வணக்கம்' கூட வராதே. இது நம்ம பாஷை."

எதெல்காவுக்கு இப்போது யெனோ மேலேயே சந்தேகம் வந்தது. இந்த மனுஷன் குடித்திருக்கிறானா? பிளம் சாராய வாடை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"நீங்களே கேளுங்க" என்று அவர் ஹெட்போனை நீட்டினார். "கூடத்துல மைக் திறந்துதான் இருக்கு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. உள்ளே ஒருத்தரும் கிடையாது."

அவள் மாட்டிக்கொண்டாள். முதலில் ஒன்றுமில்லை. வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. சங்கைக் காதில் வைத்ததுபோல ஓர் இரைச்சல். அதைத்தான் கேட்டாள்.

பிறகு தட்டல்.

தட். தட் தட்.

வலிமை இல்லாத தட்டல். விறைத்துப்போன விரலால் தட்டுகிற மாதிரி.

அப்புறம் மிக அருகில், காதின் உள்ளேயே வாய் இருப்பதுபோல, நடுங்கும் பற்களுக்கு நடுவே ஒரு பெண்குரல்.

"ஆர்ப்பி... கதவைத் திற... குளிருது."

எதெல்கா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வண்டியின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணாடிக் கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே யாரும் இல்லை. புதுப்பனி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஆர்ப்பின்னா யாரு?" என்று யெனோ கேட்டார்.

அவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆர்பாத் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் ஆர்ப்பி. அந்தக் கூட்டத்தில் சலாயை அப்படிக் கூப்பிடும் உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த வசனம் அவள் மண்டையில் ஆணி மாதிரி இறங்கியது. 'என்னை யாரும் தள்ளவில்லை.' வீட்டை விட்டுப் போகிற எந்தப் பெண் இப்படிச் சொல்வாள்? கேட்காத கேள்விக்கு ஏன் இந்தப் பதில்? ஊர் கேட்ட கேள்விக்குச் சலாய் எழுதிவைத்த பதில் இது. செத்தவள் வாயில் வைக்க முடியாத சொல்லை உயிரோடு இருக்கிற இவள் வாயில் வைத்திருக்கிறார். நாளை நாடு முழுக்க, இரண்டு மொழியில், ஒரு பெண் திரையில் நின்று அவருக்குச் சாட்சி சொல்வாள். கேட்கிறவர்கள் அழுதுகொண்டே நம்புவார்கள்.

சாப்பாட்டு அறைக்கு வெளியே நடையில் சலாயைப் பிடித்தாள். உள்ளே மீன் சூப்பின் மிளகாய் மணமும் கரண்டிச் சத்தமும்.

"சார், கடைசி வசனத்தை எடுத்துடலாமா? பேசாம போனா இன்னும் நல்லா இருக்கும்."

"அந்த வரியில கை வைக்காதே."

"ஏன் சார்?"

"படமே அந்த வரிக்காகத்தான்." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். கையைத் தேய்க்க ஆரம்பித்தார். "அதாவது... கதை அதுலதான் நிக்குது."

"ஒண்ணு கேக்கட்டுமா? செல்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

கை தேய்ப்பது நின்றது.

"யாரு உனக்குச் சொன்னா?"

"யாரும் எதுவும் சொல்லலையே. நான் கேக்கத்தானே செய்யறேன்."

அவர் கிட்டத்தில் வந்தார். கண் ஓரத்தில் ஒரு நரம்பு துடித்தது. "நாளைக்கு அந்த வரியை நான் எழுதின மாதிரி சொல்லு. இல்லைன்னா புதாபெஸ்டிலிருந்து வேற ஒருத்தி மதிய ரயில்ல வந்து இறங்குவா. இந்தத் தொழில்ல வாயிருக்கிற பொண்ணுங்களுக்குப் பஞ்சமில்லே."

எதெல்கா தலையாட்டினாள். ஆனால் அவள் கவனித்தது வேறு. செல்மாவைப் பற்றிக் கேட்டதும் அவர் கண் ஏரிப் பக்கம் போகவில்லை. தண்ணீரில் தள்ளியவன் தண்ணீரைப் பார்ப்பான். இவர் கண் போன இடம் கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள்.

மறுநாள் மூடுபனி. ஏரி இருந்த இடமே தெரியவில்லை. காலையில் ஹெட்விக்கின் காட்சி எப்படியோ முடிந்தது. உடையைக் கொடுக்கும்போது அவள் எதெல்காவின் கையை விடவில்லை.

"நீ ஏதோ பண்ணப்போறே. உன் மூஞ்சியே சொல்லுது."

"பண்ணினா என் பொழைப்பு போயிடும். பண்ணலைன்னா ராத்திரி தூக்கம் போயிடும்."

"நான் கூடத்துலயே நிக்கறேன்" என்றாள் ஹெட்விக். "இந்தத் தடவை உன்னை வேவு பாக்க இல்லே."

எதெல்கா ஒலிவண்டிக்குப் போய் யெனோவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "என்ன நடந்தாலும் மணி அடிக்காதீங்க. பதிவை நிறுத்தாதீங்க."

அவள் போட்ட திட்டம் சின்னது. வசனத்தைச் சொல்லாமல் வெளியே போவது. கதவைத் தன் கையால் சாத்துவது. வெளியே நின்று கண்ணாடியைத் தட்டி, 'ஆர்ப்பி, கதவைத் திற' என்று அவரைப் பார்த்துக் கூப்பிடுவது. அப்போது அவர் முகம் என்ன ஆகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். அவ்வளவுதான்.

"சைலன்ஸ்!"

கேமரா ஓடியது. எதெல்கா நடந்தாள். கதவருகே நின்று திரும்பினாள். சலாய் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் அவர் கதவைப் பார்த்து நின்றே ஆக வேண்டும். அவர் உதடுகள் அவள் சொல்ல வேண்டிய வரியைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

அவள் சொல்லவில்லை. கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்தினாள்.

சாத்திய மறுகணம் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

கதவருகே உள்ளே ஒருவரும் இல்லை. அவளால் கண்ணாடி வழியாகத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. எல்லோரும் தள்ளித்தான் நின்றார்கள்.

குளிர் அவளைப் பிடித்த வேகம் அவள் எதிர்பார்க்காதது. மெல்லிய பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சரி, தட்டவாவது தட்டுவோம் என்று கையைத் தூக்கினாள்.

அவள் விரல் கண்ணாடியைத் தொடவில்லை. இன்னும் ஒரு சாண் இருந்தது.

தட். தட் தட்.

கண்ணாடி அதிர்ந்தது.

இந்தத் தடவை மைக்குக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கேட்டது. உள்ளே இருந்த அத்தனை தலையும் விலுக்கென்று நிமிர்ந்தன.

சேற்று வாடை வந்தது. நாணல் வேர். பழைய தண்ணீர்.

எதெல்கா உள்ளே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். விளக்குக்காரர், பிராண்டிஸ், வாயைக் கையால் பொத்திய ஹெட்விக்.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இடது தோளை ஒட்டி.

திரும்பிப் பார் என்றது மனம். கழுத்து மறுத்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கன்னத்தில் மட்டும் குளிர் கூடிக்கொண்டே போனது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

தட். தட் தட்.

சலாய் நடந்து வந்தார். நடந்தார் என்றா சொல்வது? கட்டி இழுத்த மாதிரி வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தை வைத்தார். அவர் பார்வையும் எதெல்காவின் மேல் இல்லை. உதடுகள் அசைந்தன. கண்ணீர் வழிந்தது. அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு யெனோதான் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார், ஏனென்றால் மைக் அத்தனையையும் வாங்கியிருந்தது.

"திறந்திருப்பேன்டி செல்மா. கொஞ்ச நேரம் நில்லு, கொழுப்பு அடங்கட்டும்னுதான் பூட்டினேன். தட்டிட்டே இருந்தே. இதோ திறக்கறேன், இதோ திறக்கறேன்னு நினைச்சிட்டே நான் காபி குடிச்சேன். நீ ஏன் தட்டறதை நிறுத்தினே? ஏரியைக் கடந்து ஊருக்குப் போயிடலாம்னு யாரு உனக்குச் சொன்னா? இன்னும் ஒரு தடவை... இன்னும் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தா..."

தாழ்ப்பாளைத் தூக்கினார். கதவு அகலத் திறந்தது.

"வா" என்றார். "உள்ளே வா."

எதெல்கா அசையவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அவளைக் கடந்து போனது. அவள் உடையின் கீழ்க்கரை, காற்றே இல்லாத அந்த மூடுபனியில், ஒரு பக்கமாக ஒதுங்கியது. சலாய் கதவை விட்டு விலகி வழிவிட்டார், ஒரு சீமாட்டிக்கு வழிவிடுவதுபோல முதுகை லேசாக வளைத்து. அவர் பார்வை கதவிலிருந்து மெல்ல நகர்ந்து, கூடத்தின் நடுவுக்குப் போய், அங்கேயே நின்றது.

ஹெட்விக்தான் ஓடிவந்து எதெல்காவை உள்ளே இழுத்தாள். தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். "மூச்சு விடுடி, மூச்சு விடு" என்று ஜெர்மனில் திட்டிக்கொண்டே முதுகைத் தேய்த்தாள்.

யாரோ கதவைச் சாத்தப் போனார்கள்.

"சாத்தாதே!" என்று சலாய் கத்தினார். அந்தக் கத்தலில் அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே சலாய் தானாகப் போலீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த சார்ஜென்ட் மீசையைத் தடவியபடி, கதவைப் பூட்டுவதற்குச் சட்டத்தில் கொலை என்று பெயரில்லை, ஏரி செய்ததற்கு ஏரிதான் பொறுப்பு, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டாராம். அதற்குப் பின் சலாய் படம் எடுக்கவில்லை. புதாபெஸ்டில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தார். பனிக்காலத்திலும் அறைக்கதவைத் திறந்து போட்டுக்கொண்டே தூங்குகிறார் என்று அங்கே வேலைபார்க்கும் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

மிச்சமிருந்த காட்சிகளைப் பிராண்டிஸ் எடுத்து முடித்தார். அதற்குப் பிறகு மணி ஒரு தடவை கூட அடிக்கவில்லை. ஹெட்போனில் வெறும் அமைதி என்றார் யெனோ. "ஆனா அந்த அமைதி எனக்குப் பிடிக்கலை, அம்மணி. யாரோ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கிற மாதிரி அமைதி."

கடைசிக் காட்சியை மறுபடி எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எதெல்கா கண்ணாடிக்கு வெளியே கையைத் தூக்கி நிற்கிற அந்தத் துண்டு கேமராவில் இருந்தது. பிராண்டிஸ் போட்டுப் பார்த்தார். காது சிவந்தது, இந்தத் தடவை கோபத்தால் அல்ல. "இதுக்கு மேல யாராலயும் நடிக்க முடியாது" என்றார். சலாய் கதவருகே வருவதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டு, பதிவான சத்தங்களை எடுத்துவிட்டு, வயலின் இசை சேர்த்தார்கள். ஜெர்மன் படத்தில் ஹெட்விக் பேசியதையும் வெட்டியதால், 'என்னை யாரும் தள்ளவில்லை' என்ற வரி திரையில் எந்த மொழியிலும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

வசந்த காலத்தில் புதாபெஸ்டில் படம் வெளியானது. ஹெட்விக் பெர்லினிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். எதெல்காவுக்கு ஊதா மலர்க்கொத்து ஒன்றைக் கொடுத்து, "நிழல் என்னை மிஞ்சிட்டுது" என்று காதில் சொன்னாள். அரங்கம் நிறைந்திருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள். எதெல்காவின் குரல் பெரிய பெட்டிகளிலிருந்து பாலாக வழிந்தது. அவள் பிழைத்துவிட்டாள். அதில் சந்தேகமே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. கண்ணாடிக்கு வெளியே மூடுபனியில் அவள். தூக்கிய கை. அரங்கில் ஒரு நாற்காலி கூடக் கிறீச்சிடவில்லை.

திரையில் அவள் மூச்சு வெள்ளையாக எழுந்து கண்ணாடியில் படிந்து மறைந்தது. மறுபடி எழுந்தது, படிந்தது, மறைந்தது.

பிறகு வேறு ஒரு மூச்சு.

கண்ணாடியின் கீழ் மூலையில் வட்டமாக ஒரு வெண்மை படர்ந்தது. மெல்ல வளர்ந்தது. கதவின் உள்பக்கத்து மரச்சட்டத்தையும், திரையில் இருந்த எதெல்காவின் தூக்கிய கையையும் அது மூடியது. விரல்கள் ஒவ்வொன்றாக அதற்குப் பின்னால் மங்கின.

ஹெட்விக்கின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன.

"உள்பக்கத்து மரச்சட்டத்தையே மறைக்குதே" என்று கிசுகிசுத்தாள். "அப்படின்னா அது கண்ணாடிக்கு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்" என்றாள் எதெல்கா.

கேமரா இருந்த பக்கம். அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம்.

இசை உயர்ந்தது. காட்சி முடிந்து திரை கறுத்தது. பெர்லினில் யாரோ அட்டையில் அழகாக எழுதி, தனியாகப் படம் பிடித்து ஒட்டிய 'முடிவு' என்ற எழுத்துகள் தோன்றின. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார்கள்.

எதெல்கா எழுந்திருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எழுத்துகளின் மேலும், கீழ் மூலையிலிருந்து, வட்டமாக, மெல்ல, பனிமூச்சு படர்ந்துகொண்டிருந்தது.